முட்டுமரத்துக்கு மரியாதை

வளைவுகள் காப்பு மன்றத்தைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று என் மனைவி எச்சரித்திருக்கிறாள். மன்றத்தின் ஆண்டு விருந்துக்கு இறைச்சி எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்பதற்குத் தவறாக இருந்தால் அது நடந்ததன் குற்றம்.

எங்கள் ஊர் மோன்கப்ரோலில் சந்தைச் சதுக்கத்தின் நாலு பக்கமும் வளைவுகள். வளைவுக்கு மேலே வீடு, கீழே ஊரே நடக்கும் தாழ்வாரம். தரை ஊராட்சிக்குச் சொந்தம். தூணும் மேலே உள்ள வீடும் வீட்டுக்காரருக்குச் சொந்தம். தூணின் அழகு மட்டும் மன்றத்துக்குச் சொந்தம். வீட்டுக்காரர் தன் தூணில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் மன்றத்தின் காலில் விழ வேண்டும். மன்றம் தன் பித்தளைப் பலகையை மாட்ட அதே தூணில் நாலு ஆணி அடித்தால் யாரையும் கேட்க வேண்டாம்.

மன்றத்தார் விழா நாட்களில் செம்மண் நிற வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு, கழுத்தில் பட்டு நாடா கட்டி, அதில் ஒரு சின்னக் கல்லைத் தொங்கவிட்டு ஊர்வலம் வருவார்கள். புதிதாகச் சேர்கிறவர் ஏதாவது ஒரு தூணைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, "நான் கல்லுக்கு உரியவன்" என்று சத்தியம் செய்து, ஒரு கிண்ணம் அர்மஞாக் பிராந்தியை ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற நோட்டரி, பல் டாக்டர், ஒயின் வியாபாரிகள் என்று எல்லோரும் பெரிய மனிதர்கள். சதுக்கத்தில் ஒருவர்கூடக் குடியிருப்பதில்லை. குன்றின்மேல் புது வீடுகளில், நீச்சல் குளத்தோடு இருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வளைவுகள் ரொம்ப நன்றாகத் தெரியுமாம்.

சதுக்கத்தில் குடியிருந்தவள் லுசெத். என் கடைக்கு நேர் எதிரே, தாழ்வாரத்தில் அவளுடைய முடி அலங்காரக் கடை; மாடியில் வீடு. அந்த மாடியின் முன்னறையில்தான் பிறந்தாள். புருஷன் பெர்பிஞான் பக்கம் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். "அவனுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சதும் எனக்கு அவன்கிட்ட வேலை இல்லாமப் போச்சு" என்பாள். வியாழக்கிழமை சந்தைக்கு வரும் பண்ணைப் பெண்கள், கோழிக் கூடையையும் பூண்டுச் சரத்தையும் அவள் கடை வாசலில் போட்டுவிட்டு, தலையில் சுருள்குழல் மாட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். மருந்து வாடையும் கோழிச் சத்தமும் சிரிப்பும் இந்தக் கோடிவரை வரும்.

ஒரு வியாழக்கிழமை, நாட்டிலேயே அழகான சதுக்கங்களுக்குத் தரும் பொற்சதுக்கப் பட்டத்தை எங்களுக்குத் தரலாமா என்று பார்க்கத் தலைநகரிலிருந்து நடுவர் குழு வந்தது. நடுவர்கள் இறங்கியதுமே நல்ல காட்சி கிடைக்க வேண்டும் என்று, பெரிய பேருந்தைச் சந்தைக்குள்ளேயே விடச் சொல்லியிருந்தார் மன்றத் தலைவர் தெ லெஸ்த்ராக். முலாம்பழக் கடைக்கும் பூண்டுக் கடைக்கும் நடுவில் பேருந்து பின்னோக்கி வந்தது. வந்து, லுசெத்தின் தூணில் இடித்தது.

அவள் சீப்பும் கையுமாக வெளியே ஓடி வந்தாள். தூணில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். கல்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

நடுவர் தலைவி, கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள், இறங்கி வந்து விரிசலைப் பார்த்தாள். "இது பழசா?" என்று கேட்டாள்.

தெ லெஸ்த்ராக் பேருந்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், அந்த அம்மாளின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "ரொம்பப் பழசு மதாம். அறுநூறு வருஷத்துக்கு முந்தின நூறாண்டுப் போர்ல இங்கிலீஷ்காரன் பண்ணின காயம்" என்றார்.

"என்னது?" என்றாள் லுசெத். "இப்பத்தான முசியே உங்க பஸ்ஸு..."

"இவங்க இந்த வீட்டுக்காரங்க. வரலாறு அவ்வளவா தெரியாது" என்றார் தலைவர்.

பட்டம் கிடைத்தது. பட்டயத்தில் பொன்னெழுத்தில் அந்த விரிசலையும் குறிப்பிட்டிருந்தார்கள்: "போரின் வடுவை இன்றும் தாங்கி நிற்கும் தூண்." பேருந்துக் கம்பெனியிலிருந்து லுசெத்துக்கு ஒரு கடிதமும் வந்தது. அவளுடைய தூண் முன்னறிவிப்பில்லாமல் பேருந்துக்குப் பின்னால் நின்றிருந்ததாம்.

தூண் இடிபட்ட அன்று சாயங்காலமே லுசெத் கொத்தனார் பெர்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் விரிசலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலை. அதுவரைக்கும் ஒரு முட்டு கொடுத்துடறேன்" என்றான். தன் வாத்துக் கொட்டகையில் கிடந்த பழைய ஓக் உத்தரம் ஒன்றைக் கொண்டுவந்து வளைவுக்கு அடியில் சாய்த்து நிறுத்தினான். மறுநாள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தபோது மன்றம் வந்து வேலையை நிறுத்தியது.

"வடுவை மூடினா பட்டம் போயிடும்" என்றார் தெ லெஸ்த்ராக்.

"மூடலைன்னா என் வீடு போயிடும்" என்றாள் லுசெத்.

"அவசரப்படாதீங்க மதாம். நாங்க நேர்ல வந்து ஆராய்வோம்."

ஆராய்ந்தார்கள். மன்றத்தின் ஆய்வு எப்போதும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும். விரிசலுக்கு முன் நின்று, அதை எந்த நூற்றாண்டு நிலைக்குச் சரிசெய்வது என்று பேசுவார்கள். பல் டாக்டர் பதிமூன்றாம் நூற்றாண்டு என்பார். நோட்டரி பதினாறாம் நூற்றாண்டு என்பார். "பஸ் வர்றதுக்கு முந்தின நாள் எப்படி இருந்துதோ அப்படிப் பண்ணுங்களேன்" என்பாள் லுசெத். அதற்குள் கோயில் மணி அடித்துவிடும். எல்லோரும் தாழ்வாரக் கோடியில் இருக்கும் உணவகத்துக்குப் போவார்கள். வாத்துத் தொடை, அவரைக்காய்ச் சட்டி, பாலாடைக்கட்டி, பாதாம் பணியாரம், காப்பி, காப்பிக்குப் பிறகு அர்மஞாக். சாப்பிட்டு எழுந்தால் வெயில் திரும்பி, தூண் நிழலில் இருக்கும். நிழலில் விரிசலை ஆராய முடியாது என்று ஒத்திவைப்பார்கள். அந்தக் கோடை முழுக்க இப்படியே போயிற்று. அவர்கள் உடம்பு மட்டும் நன்றாகத் தேறியது.

இதற்கிடையில் வெளியூர்க்காரர்கள் முட்டுமரத்தைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். புது மணத் தம்பதிகள் அதில் சாய்ந்து நின்றார்கள். மன்றத்துக்கு ஞானம் பிறந்தது. முட்டுமரத்தை ஆராய ஒரு நிபுணரைத் தருவித்தார்கள். அவர் மரத்தை மோந்து பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அதன்மேல் படிந்திருந்த வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டப்போய், பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

"காலத்தின் படிவு" என்றார். "இதைத் தொடவே கூடாது."

பெர்னா பக்கத்தில் நின்றான். "ஐயா, அது வாத்துப் பீ."

"எந்தக் காலத்து வாத்து?" என்று கேட்டார் நிபுணர்.

"போன வருஷத்துது."

நிபுணர் அவனைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். இலையுதிர் காலத்தில் முட்டுமரம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. அங்கியும் கல்லும் மாட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். விரிசல் விட்ட தூணைக் கட்டிப்பிடிக்கப் பயமாக இருந்ததால், அந்த வருடம் சேர்ந்த புது உறுப்பினர்கள் முட்டுமரத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள். அங்கியெல்லாம் வெள்ளையாயிற்று. நான் கடை வாசலில் நின்று, சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெ லெஸ்த்ராக் மேடையேறிப் பேசினார்:

"பெருமக்களே! நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது வெறும் கட்டடம் அல்ல. சாய்வதையும், சாயும்போது தாங்குவதையும் விட்டுச் சென்றார்கள். தூணைச் சரிசெய்துவிட்டால் இந்த மரம் எதைத் தாங்கும்? எதையும் தாங்காமல் தாங்குவதுபோல் நின்றால் அது பொய். இம்மன்றம் பொய்க்கு ஒருபோதும் துணைபோகாது! மனிதர்கள் வருவார்கள். தலைமுடி வெட்டுவார்கள், கூரை ஒழுகுகிறது என்பார்கள், அதைச் செய், இதைச் செய் என்பார்கள், ஒருநாள் போய்விடுவார்கள். வளைவு நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் வளைவை நேசிக்க முடிகிறது."

பலத்த கைதட்டல். மேயர் மதாம் வியாலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே மேயர் குளிர்காலம் தொடங்குமுன் லுசெத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். தனியாகப் போனால் கை ஓங்கிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது என்று சொல்லி, லுசெத் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"லுசெத், உன் வீட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கு. முட்டுக் கொடுத்த வீடு ஆபத்தான வீடு. ஆபத்தான வீட்ல ஆள் இருக்கக் கூடாது. சட்டம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"தூணைக் கட்டிட்டா முட்டு வேண்டாமே?"

"முட்டுமரத்தை எடுக்கக் கூடாது. அது சின்னம்."

"எடுக்காதீங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும், யார் வேணாலும் வந்து முத்தம் குடுக்கட்டும். தூணை மட்டும் கட்டிடறேன்."

"தூணைத் தொடக் கூடாது. அது வடு."

"அப்ப எதைத்தான் தொடலாம்?"

மேயர் கொஞ்சம் யோசித்தாள். "உன் சாமான்களைத் தொடலாம். வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைக் குத்தினேன். மேஜைமேல் இருந்த வளைவுகளின் சின்ன மாதிரி கீழே விழுந்தது. மேயர் பதறிப்போய் அதைத்தான் எடுத்தாள்.

தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். கடையை மூடினார்கள். ஊருக்கு வெளியே, ஆழான் சாலை ரவுண்டானாவுக்குப் பின்னால், பெரிய அங்காடியை ஒட்டிய அடுக்ககத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் கழுவுமிடம். பண்ணைப் பெண்கள் ஓரிரு முறை அங்கே போனார்கள். பேருந்து வசதி இல்லை, கோழிக்கூடையை மின்தூக்கியில் ஏற்ற விடவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். லுசெத் ஒவ்வொரு வியாழனும் சந்தைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு என் கடை வாசலில் நிற்பாள்.

"எனக்கு நஷ்ட ஈடு வேணாம் ரெமோன். புது வீடு வேணாம். அந்தக் கதவைத் திறந்து உள்ள போகணும். அவ்வளவுதான். இதுல எது அவங்களுக்குப் புரியலை?"

வசந்தத்தில் பட்டத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. நடுவர் குழுவுக்குப் புதிதாக ஒரு நிபந்தனை: சதுக்கம் உயிரோடு இருக்க வேண்டும். மாடி ஜன்னல்களில் குடியிருப்பவர்கள் தெரிய வேண்டும். பட்டயத்தில் பெயர் வாங்கிய வீட்டில் கட்டாயம் தெரிய வேண்டும். தெ லெஸ்த்ராக் என் கடைக்கு வந்தார். லுசெத் அங்கே நின்றிருந்தது நல்லதாகப் போயிற்று.

"மதாம், உங்களால ஊருக்கு ஒரு உதவி. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் உங்க வீட்ல வசிக்கணும்."

"வசிக்கறது ஆபத்துன்னீங்களே?"

"வசிக்கறதுதான் ஆபத்து. வசிக்கிற மாதிரி இருக்கறதுல ஆபத்து இல்ல. ஜன்னல்ல நின்னு ஒரு மேஜைத்துணியை உதறுங்க. பூச்செடிக்குத் தண்ணி ஊத்துங்க. செடி, வாளி, தண்ணி எல்லாம் மன்றத்துச் செலவு."

நான் வாயைத் திறப்பதற்குள் லுசெத், "சரி" என்றாள். அவ்வளவு சாதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை வந்தது. நடுவர்கள் நடந்தே வந்தார்கள். பேருந்துக்கு அடிபடக் கூடாது என்று ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். மாடியில் ஜன்னல் கதவுகள் திறந்தன. லுசெத் மேஜைத்துணியை உதறினாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கீழே நடுவர் தலைவி புன்னகையோடு தலையாட்டினாள். ஒரு மணி நேரம் முடிந்தது. தலைவர் கையசைத்து, இறங்கி வரச் சொன்னார்.

"வர மாட்டேன்!" என்றாள் லுசெத். சதுக்கம் முழுக்கக் கேட்டது. "இது என் வீடு! இந்த அறையில்தான் பொறந்தேன். தூணை இடிச்சது இங்கிலீஷ்காரன் இல்ல, இவரு கூட்டிட்டு வந்த பஸ்ஸு! கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டேன். யார் வராங்கன்னு பாக்கறேன்!"

தெ லெஸ்த்ராக் வியர்த்துப்போய், "ஏற்பாடு பண்ணின காட்சி மதாம், பழங்கால..." என்று தொடங்கினார். அப்போது இரண்டாவது வாளித் தண்ணீர் முழுதாக அவர் தலையிலும் நடுவர் தலைவியின் தோளிலும் விழுந்தது. பின்னாலேயே ஒரு பூந்தொட்டி வந்து முட்டுமரத்தின் அடியில் உடைந்தது. தலைவர் சொட்டச் சொட்ட ஓடி, மண்டியிட்டு, மரத்தைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலை! ஒண்ணும் ஆகலை!" என்று கத்தினார்.

நான் கைதட்டினேன். பெர்னா விசிலடித்தான். முலாம்பழக்காரர், பூண்டுக்காரி, எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு நிமிடம், வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

நடுவர் தலைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அருமை" என்றாள். "எத்தனையோ சதுக்கம் பாத்திருக்கேன். இவ்வளவு உயிரோட இருக்கற சதுக்கத்தைப் பாத்ததே இல்ல. மேல இருந்து தண்ணி கொட்டற அந்தக் காலத்து வழக்கம்கூட இருக்கு பாருங்க!"

அவர்கள் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் போலீஸார் வந்து லுசெத்தின் கதவை உடைத்து அவளை இறக்கினார்கள். உடைத்தது பழைய கதவு என்பதால் மன்றம் கண்டனம் தெரிவித்தது. கதவுக்காக.

பட்டத்தைப் புதுப்பித்தார்கள். பட்டயத்தில் இன்னொரு வரி சேர்ந்தது: "வாரந்தோறும் வியாழக்கிழமை, கோபம்கொண்ட வீட்டுக்காரி." தெ லெஸ்த்ராக் நடுவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், வாரா வாரம் நடக்கும் என்று. ஆகவே வாரா வாரம் நடத்தியாக வேண்டும். அதற்கு வடகோடியில் இருக்கும் லீல் நகரத்திலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் லுசெத் மன்றத்துக்கே போனாள். நானும் கூடப் போனேன். "என் ஜன்னல்ல நின்னு யாராவது கத்தணும்னா நானே கத்தறேன். சம்பளம்கூட வேணாம். மேல படுத்துக்க விடுங்க, போதும்."

"நீங்க நிஜமா கத்தறீங்க மதாம்" என்றார் தெ லெஸ்த்ராக் வருத்தத்தோடு. "அதை நம்பி ஒரு நிகழ்ச்சி நடத்த முடியாது. அதுவுமில்லாம, வெளியூர்க்காரங்களுக்கு உங்க பேச்சு கொஞ்சம் செயற்கையா பட்டுதாம். அந்தப் பொண்ணு நம்ம பக்கத்துப் பேச்சை நல்லா பழகியிருக்கா."

இன்னொரு சிக்கலும் வந்தது. நடிகை சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். வேலை செய்யுமிடம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று தொழிலாளர் துறையிலிருந்து ஆள் வந்துவிட்டார். நாலு பருவங்களாக ஆராய முடியாத தூணை மன்றம் உடனே கட்டச் சொன்னது. பெர்னா வந்து உள்ளே கம்பி வைத்து, சுண்ணாம்பு ஊற்றி, இரண்டே நாளில் முடித்தான். பிறகு போர்தோவிலிருந்து ஒரு ஓவியர் வந்து, சரிசெய்த தூணின்மேல் விரிசலை வரைந்தார். நல்ல வேலைக்காரர். கைவைத்துத் தடவினால்தான் வண்ணம் என்று தெரியும். பக்கத்தில் முட்டுமரம் ஒன்றையும் தாங்காமல், தாங்குவதுபோல் நிற்கிறது.

தூண் சரியான அன்று லுசெத் பெட்டியைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டாள். மேயர் தாழ்வாரத்திலேயே நிறுத்தினாள்.

"தூண்தான் நல்லாயிடுச்சே?"

"நல்லாயிடுச்சு லுசெத். ஆனா இப்ப அது வேலை பண்ற இடம். வேலை பண்ற இடத்துல குடியிருக்கக் கூடாது."

லுசெத் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். என்னால் தாங்க முடியவில்லை, உள்ளே போய் எலும்பு வெட்டுகிற கத்தியை எடுத்து ஒரு ஆட்டுத் தொடையைத் தேவையில்லாமல் துண்டு துண்டாக வெட்டித் தள்ளினேன்.

போன வியாழக்கிழமை சந்தையில் நல்ல கூட்டம். கையில் மஞ்சள் குடையோடு ஒரு வழிகாட்டிப் பெண், வெளியூர்க்காரர்களை லுசெத்தின் வீட்டுக்கு முன்னால் அரைவட்டமாக நிறுத்தினாள். தண்ணீர் எங்கே விழும் என்று தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். மாடி ஜன்னல் திறந்தது. நடிகை எட்டிப் பார்த்தாள். தலையில் லுசெத் கட்டுவது போலவே துணி கட்டியிருந்தாள்.

"வர மாட்டேன்! இது என் வீடு! இந்த அறையில்தான் பொறந்தேன்!"

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. நான் கடை வாசலில் நின்றிருந்தேன். என் பக்கத்தில் நின்றிருந்த லுசெத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கோட்டைத் தாண்டி, முட்டுமரத்தின் அருகே நின்று, தலையை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்:

"பொய் சொல்றா! அது என் வீடு! அந்த அறையில பொறந்தது நான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டிப் பெண் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மரியாதை தெரிந்த பெண், குரலை உயர்த்தவில்லை. லுசெத்தின் தோளைத் தொட்டு, கோட்டுக்கு வெளியே நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"மதாம், தயவுசெஞ்சு கொஞ்சம் அமைதியா இருங்க. வீட்டுக்காரம்மா பேசிக்கிட்டிருக்காங்க."